பிள்ளையின் பம்ப் மீது ஏன் இத்தனை பயம்?

தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தீவைக் கடந்தால் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை. மன்னார்க் கரையோரத்தில் எந்த ஊருக்குப் போனாலும், தொய்வு உள்ள பிள்ளையின் வீட்டில் ஒரே வாக்கியம் காதில் விழுகிறது: "பம்ப் பழக்கினால் பிறகு விட ஏலாது." அம்மம்மா சொல்வார், அயலவர் சொல்வார், சில வேளைகளில் பாமசிக்காரரும் சொல்வார். தொய்வு என்றால் ஆஸ்துமா. தமிழகத்து வாசகர்கள் இழுப்பு, வீசிங் என்று சொல்வது இதைத்தான். பம்ப் என்பது இன்ஹேலர். பிள்ளைக்கு அது கூடாது, பாணி மருந்தே போதும், முடியாமற் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மெஷின் வைக்கலாம் என்பதே அங்குள்ள பொதுவான தீர்ப்பு. இதே தீர்ப்பை யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஸ்காபரோவிலும் கேட்கலாம். ஆனால் மன்னாரில் அதற்குக் கொடுக்கப்படும் விலை அதிகம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தீவின் ஒரு முனையில் மன்னார் நகரமும் மாவட்டப் பொது வைத்தியசாலையும். மறுமுனையில், வீதிவழியே 30 கிலோமீற்றருக்குக் கிட்ட, தலைமன்னார். இரவு ஒரு மணிக்கு மூச்சு முட்டும் பிள்ளையை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடப்பது எப்படி என்பதைத் தாய்மாரிடம்தான் கேட்கவேண்டும். காற்றும் இந்த மண்ணை விடுவதில்லை. வருடத்தின் பாதியில் சோளகம், மறுபாதியில் வாடை. தம்பபவனி என்ற பெயரில் முப்பது காற்றாடிகளை 2020-இல் இங்கே நிறுத்தியதற்குக் காரணமும் அந்தக் காற்றுத்தான். மணலும் உப்பும் கலந்து வீசும் அந்தக் காற்றோடு விறகடுப்பின் புகை, வளவில் கொளுத்தும் குப்பையின் புகை, இரவில் நுளம்புச் சுருள். ஒரு நுளம்புச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திய சிறிய அறை ஒன்றை அதனுடன் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் மீதான பயத்தை அறியாமை என்று சொல்லி ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு தகப்பன் உண்டு. அது வரலாற்றில் உண்மையாகவே நடந்த ஒன்று.

1950களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் றைக்கர் என்ற மருந்து நிறுவனத் தலைவர் ஜோர்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமாவால் வருந்திய அவருடைய மகள், தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிறேயைப் போலத் தன் மருந்தையும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டாள். 1956-இல் முதலாவது அளவுகோல் பம்ப் விற்பனைக்கு வந்தது. ஐசோபிறினலின் என்ற மருந்தும் அப்போதே பம்பில் வந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும், கூடவே இதயத்தையும் ஓடவைக்கும் மருந்து அது. 1960களில் சில நாடுகளில் அதன் 'ஃபோர்ட்டே' வடிவம் விற்கப்பட்டது. வழமையான பம்பைவிட ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஐந்து மடங்கு மருந்து. பிரித்தானியாவில் வைத்தியரின் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அங்கே ஆஸ்துமா இறப்புகள் ஏறத் தொடங்கின. மிகக் கூடுதலாக ஏறியது 10 முதல் 14 வயது வரையான பிள்ளைகளிடையே. 1967-இல் அரசின் எச்சரிக்கை வந்தது. மறு ஆண்டு சீட்டு இல்லாத விற்பனை நிறுத்தப்பட்டது. இறப்பும் இறங்கியது. அந்த வீரிய வடிவம் விற்கப்படாத அமெரிக்காவில் அப்படியோர் ஏற்றமே நிகழவில்லை.

நியூசிலாந்துக்காரர்கள் அந்தப் பாடத்தை இரண்டாம் முறையும் படிக்கவேண்டியிருந்தது. 1976-இல் அங்கே பெனோட்டெறோல் என்ற பம்ப் அறிமுகமானது. அதனையடுத்து அந்த நாட்டின் ஆஸ்துமா இறப்புகள் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயின. 1989-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அந்த மருந்தின் மீது விரலை நீட்டியது. அதன் பயன்பாட்டை அரசு கட்டுப்படுத்தியதும் இறப்பு வீதம் பாதியாகச் சரிந்தது.

ஆகவே "பம்ப் ஆளைக் கொல்லும்" என்ற பேச்சு வெறுங் கற்பனை அல்ல. ஆனால் அது எந்தப் பம்ப், எப்படிப் பாவிக்கப்பட்ட பம்ப் என்ற கேள்வி வழியிலே எங்கோ உதிர்ந்துபோயிற்று. பயம் மட்டும் மிஞ்சி, இன்று தவறான மருந்தின் மீது போய் உட்கார்ந்திருக்கிறது.

பம்ப் என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது முற்றிலும் வேறான இரண்டு மருந்துகளை. ஒன்று, பெரும்பாலும் நீல நிறக் கூட்டில் வருகின்ற சல்பியூட்டமோல், 1969 முதல் விற்பனையில் இருப்பது. சுருங்கிய மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். மற்றது, பெரும்பாலும் கபில நிறக் கூட்டில் வருகின்ற பெக்லோமெதசோன் போன்ற ஸ்டீரொயிட். இது உடனடியாக எதையும் செய்யாது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள வீக்கத்தை நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆற்றும். ஆஸ்துமா என்பது அந்த வீக்கந்தான். இழுப்பு அதன் வெளிச் சத்தம். நீலம் சத்தத்தை அடக்குகிறது, கபிலம் நோயை அடக்குகிறது.

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறானது. நீலத்தை அடித்தவுடன் பிள்ளை சிரிக்கிறது. ஆகவே அது நல்ல மருந்து. கபிலத்தை அடித்தால் ஒன்றும் தெரிவதில்லை, போதாக்குறைக்கு அது ஸ்டீரொயிட்டாம், ஆகவே அதை அலமாரியில் வைத்துவிடுகிறோம். வீக்கம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்க, வெளிச் சத்தத்தை மட்டும் அடக்கிக்கொண்டு நாட்கள் போகின்றன. பிறகு ஓர் இரவில் நீலமும் வேலை செய்வதில்லை. பிரித்தானியாவில் 195 ஆஸ்துமா இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அறிக்கை 2014-இல் வெளிவந்தது. இறந்தவர்களுள் 28 பேர் பிள்ளைகளும் இளையோரும். நிவாரணப் பம்ப் அளவுக்கு மீறி வாங்கப்பட்டதும் தடுப்புப் பம்ப் குறைவாக வாங்கப்பட்டதும் அந்த அறிக்கை முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. இலவச மருத்துவமும் நல்ல வீதியும் அம்புலன்ஸும் உள்ள நாட்டின் கதை இது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியான ஜினா, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலப் பம்பை மட்டும் தனியே கொடுக்கும் சிகிச்சையை 2019-இல் கைவிட்டது. அதனிலும் சிறிய பிள்ளைகளுக்கு, அதுவும் தடிமன் வரும்போது மட்டும் இழுக்கும் குழந்தைகளுக்கு, விதி சற்று வேறு. அதை வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும்.

சரி, ஸ்டீரொயிட் பிள்ளையை ஒன்றும் செய்யாதா? செய்யும். இதை மறைத்துப் பேசும் வைத்தியர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஏனெனில், மறைத்த ஒன்று பின்னாளில் அயலவர் வாயால் பத்து மடங்காகத் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் 5 முதல் 12 வயது வரையான 1,041 பிள்ளைகளைச் சேர்த்துப் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், பியூடசனைட் பம்பை நாள்தோறும் பாவித்தவர்கள், வெற்று மருந்து பாவித்தவர்களைவிட வளர்ந்தபின் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் உயரங் குறைவாக இருந்தார்கள் என்று 2012-இல் அறிவிக்கப்பட்டது. சுண்டுவிரல் அகலம். தொண்டையில் வெண்படலம் படியலாம், குரல் கரகரக்கலாம். மருந்தடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் இவை பெரும்பாலும் வராது. பெரிய ஆபத்து வேறொன்று. 2002-இல் பிரித்தானிய ஆய்வொன்று, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பி செயலிழந்து உயிராபத்துக்கு உள்ளான 28 பிள்ளைகளைப் பதிவு செய்தது. அநேகமானோர் புளூற்றிகசோன் என்ற வீரியமான ஸ்டீரொயிட்டை ஒரு நாளைக்கு 500 மைக்கிரோகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள். பிள்ளைகளுக்குச் சாதாரணமாக எழுதப்படும் அளவைத் தாண்டியவை இவை. குறைந்த அளவில் பயமில்லை, கூடிய அளவில் பயப்படவேண்டும் என்பதே இதன் பொருள். "இது எந்த அளவு, எப்போது குறைப்பீர்கள்?" என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு.

தராசின் மறுதட்டையும் பார்க்கவேண்டும். கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத் தரவுகளைக் கொண்டு 2000-இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டில் பாவித்த ஸ்டீரொயிட் பம்புகளின் எண்ணிக்கை ஒன்று கூடும்போதெல்லாம் ஆஸ்துமாவால் இறக்கும் வீதம் 21 விழுக்காடு குறைந்தது. அதை நிறுத்தியவர்களிடையே, நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் இறப்புக் கூடியிருந்தது. ஒரு சென்ரிமீற்றர் உயரத்தோடு இதை வைத்து எடைபோட்டுப் பாருங்கள்.

பாணி மருந்தே பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். இதில்தான் வேடிக்கை அதிகம். நீலப் பம்பின் ஓர் அழுத்தத்தில் இருப்பது 100 மைக்கிரோகிராம் சல்பியூட்டமோல். அதே மருந்தின் பாணி, ஒரு தேக்கரண்டியில் 2 மில்லிகிராம், அதாவது இருபது அழுத்தங்களின் எடை. அது வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றி, ஒரு சிறு பங்கு மட்டும் நெஞ்சுக்கு வந்து சேர்கிறது. பாணி குடித்த பிள்ளையின் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். ஆஸ்பத்திரியில் "மெஷின்" வைக்கும்போது ஆவியாகப் போவதும் இதே சல்பியூட்டமோல்தான். சிறு பிள்ளைக்கு வழமையாக ஊற்றுவது 2.5 மில்லிகிராம். அதிற் பெரும்பகுதி காற்றிலே போனாலும், எடைக் கணக்கில் இருபத்தைந்து அழுத்தம். பம்புக்குப் பயந்து மெஷினுக்கு ஓடும் பெற்றோர், அதே மருந்தைக் கூடுதலாகக் கொடுப்பதற்காகத்தான் நள்ளிரவில் ஓடுகிறார்கள் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இரவில் கொடுக்கும் மொண்டிலுகாஸ்ற் குளிசையைப் பலர் பம்புக்கு மாற்றாக விரும்புகிறார்கள். குளிசைதானே, பயமில்லை என்ற எண்ணம். பிள்ளைகளின் மனநிலையை அது குலைக்கலாம், தற்கொலை எண்ணம் வரையிலும் கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2020-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மருந்துக் குறிப்பில் சேர்க்கச் செய்தது. அரிதுதான். என்றாலும் பம்பிடம் கேட்ட கேள்வியைக் குளிசையிடமும் கேட்கவேண்டாமா? நாட்டு மருந்து பற்றியும் ஒரு சொல். ஆடாதோடையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதன் சாரத்திலிருந்து பிறந்ததே சளி கரைக்கும் புறோம்ஹெக்சின் என்ற நவீன மருந்து. ஆனால் 'தொய்வுக்கு நிரந்தரத் தீர்வு' என்று பத்திரிகையில் விளம்பரம் செய்து விற்கப்படும் பெயரில்லாப் பொடிகள் வேறு. அவ்வகைப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் பரிசோதனைகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அளவு தெரிந்த ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து, அளவு தெரியாத ஸ்டீரொயிட்டைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். இந்த விளம்பரங்களைக் காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் தமிழ்ப் பத்திரிகை உலகம் மறு பக்கத்தில் சுகாதாரக் கட்டுரையும் வெளியிடுகிறது.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பம்ப் வெளியில் தெரிந்தால் கலியாணம் பேசும்போது சொல்லாகிவிடும் என்று, பத்து வயதிலேயே அதைப் புத்தகப் பையில் வைக்க விடாத தாய்மார் உண்டு. வகுப்பறையில் மூச்சு முட்டும் பிள்ளையின் பம்ப் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இது பற்றி மேலும் எழுதினால் வார்த்தை தடித்துவிடும். விடுகிறேன்.

மன்னாருக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு என்பது என் எண்ணம். தடுப்பு மருந்து என்பது நாளையை நம்புகிறவனின் மருந்து. கிளினிக் கொப்பி வேண்டும், மாதம் ஒரு திகதி வேண்டும், அந்தத் திகதியில் அதே ஊரில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். 1990 ஒக்ரோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். 2007-இல் முசலிப் பக்கம், 2008-இல் மடுப் பக்கம் என்று ஊர்கள் பெயர்ந்தன. இருபது ஆண்டுகள், வந்தபின் பார்ப்போம் என்று வாழப் பழக்கப்பட்ட சனத்திடம், நோய் வராத நாளிலும் மருந்தடி என்று சொல்வது இலகுவல்ல. அன்றைய பிள்ளைகளே இன்றைய தாய்மார்.

அதனால் அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. இலங்கையில் அரச கிளினிக்கில் இந்த மருந்துகள் இலவசம். ஆனால் 2022-இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மார்ச்சில் மருந்து விலை 29 விழுக்காடு ஏற அனுமதிக்கப்பட்டது. பின்னர் மீண்டும் ஏறியது. இப்படியான வேளைகளில் வீட்டார் முதலில் கைவிடுவது கபிலப் பம்பை. காரணம், நிறுத்திய அன்று ஒன்றும் நடப்பதில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் சுகாதார அமைச்சு எதைக் கைவிட்டாலும் பிள்ளைகளின் தடுப்புப் பம்பைக் கைவிடக்கூடாது என்பது என் வாதம். மெஷின் வைத்து மூச்சு வந்ததும் பிள்ளையை அப்படியே வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் நிற்கவேண்டும். தடுப்பு மருந்தும், அதைப் பாவிக்கும் முறையைத் தாயின் கையால் ஒருமுறை செய்வித்துப் பார்த்த உறுதியும் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்டக்கூடாது.

பாவிக்கும் முறை என்றதும் ஸ்பேசர். பம்பை நேரே வாயில் வைத்து அடித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் மோதி வயிற்றுக்குப் போய்விடும். பம்புக்கும் வாய்க்கும் நடுவே ஒரு வெற்றுக் குடுவையை வைத்தால், மருந்து அதற்குள் மிதந்து நிற்க, பிள்ளை தன்பாட்டில் ஐந்தாறு மூச்சு இழுக்கலாம். தொண்டையில் படிவது குறைகிறது, நெஞ்சுக்குப் போவது கூடுகிறது. மருந்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேசவேண்டியது இதைத்தான். விலை கூடிய பொருளும் அல்ல. தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் வைத்தியர்கள் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்பின் வாய்க்கு அளவாக ஒரு துளையிட்டு, இடைவெளியில்லாமல் ஒட்டி, போத்தலின் கழுத்தைப் பிள்ளையின் வாயில் வைத்தார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசருக்குச் சமமாக அது வேலை செய்தது என்று 1999-இல் லான்செட்டில் எழுதினார்கள். சவர்க்கார நீரில் கழுவி, துடைக்காமல், காற்றில் உலரவிடவேண்டும். துடைத்தால் சுவரில் மின்னேற்றம் உண்டாகி மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்கு மட்டும் முகமூடியுள்ள ஸ்பேசரே வேண்டும். பிள்ளைகளுக்கு இழுப்பு வரும்போது, ஸ்பேசரோடு அடிக்கும் பம்ப் ஆஸ்பத்திரி மெஷினுக்குக் குறைந்ததல்ல, நெஞ்சுப் படபடப்பும் குறைவு என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. தலைமன்னாரில் இரவு ஒரு மணிக்கு இதன் பெறுமதி என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் பம்ப் அடித்தும் மூச்சு இளகவில்லை, நாலு மணித்தியாலத்துக்குள் மீண்டும் தேவைப்படுகிறது, பிள்ளையால் ஒரு வசனம் பேச முடியவில்லை, உதடு நீலிக்கிறது என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். போகும் வழியிலும் அடித்துக்கொண்டே போகலாம்.

கடைசியாக, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மருமக்களுக்கென்று பையில் நீலப் பம்புகளை அள்ளிக்கொண்டு போகிறீர்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் நீலம் மட்டும் நிறையக் கிடைக்கும் வீட்டில் கபிலம் மறக்கப்படும். உங்கள் வைத்தியர் உங்களுக்கு எழுதிய ஊதா நிறக் கூட்டுமருந்துப் பம்பைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டும் வராதீர்கள். அதில் இருப்பது புளூற்றிகசோனும் வேறொரு நீண்டநேர மருந்தும், அளவு உங்களுடையது. அந்த மருந்தும் தடைக்குரியதல்ல. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த பரிசோதனையில் அது ஸ்டீரொயிட்டோடு சேர்ந்திருக்கையில் மேலதிக ஆபத்து இல்லையென்று 2016-இல் தெரியவந்தது. ஆனால் அதைத் தீர்மானிப்பவர் பிள்ளையின் வைத்தியராக இருக்கட்டும். நீங்கள் கொண்டுபோகவேண்டியது ஸ்பேசர். சிறுவருக்கான முகமூடியோடு இரண்டு, அயல்வீட்டுக்கும் சேர்த்து. ஊரில் நிற்கும் நாட்களில் ஒருநாள் அந்த அலமாரியைத் திறந்து, கபிலப் பம்பைக் கையில் எடுத்து, எண்காட்டி இருந்தால் அதில் எத்தனை மிச்சம் என்றும், காலாவதித் திகதி என்ன என்றும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த பம்பில் இன்னும் நூற்றுத் தொண்ணூறு அழுத்தம் மிச்சமிருந்தால், தங்கையோடு கொஞ்ச நேரம் இருந்து கதைக்கவேண்டியிருக்கிறது.